பாலியின் திருவிழாப் பட்டியலில் ஒரு கட்டம் குறைகிறது

பாலித் தீவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்காக எழுதப்படும் திருவிழாப் பட்டியல்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படித்து வருகிறேன். ஹோட்டல் விளம்பரம், வழிகாட்டிப் புத்தகம், இப்போது தமிழில் வரும் பயணக் காணொளி என எதை எடுத்தாலும் அச்சு ஒன்றுதான். மார்ச் வாக்கில் நியெப்பி, ஜூனில் கலைவிழா, நடுவில் எங்காவது கலுங்கான், தினமும் சாயங்காலம் கெச்சாக். ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், டிக்கெட் விவரம், கூடவே "தவறவிடாதீர்கள்" என்று ஒரு வரி. தகவலில் பெரிய பிழை இருக்காது. ஆனாலும் படித்து முடித்தால் பாலியைப் பற்றித் தப்பான ஒரு படம்தான் மனசில் நிற்கிறது. அது ஏன் என்று யோசித்ததில் எழுதிய குறிப்பு இது.

முதலில் தேதிக் கணக்கைப் பார்ப்போம். பட்டியல் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பாலியின் விழாக்கள் அப்படி ஓடுவதில்லை. அங்கே பவுக்கோன் என்று 210 நாள் சுற்று ஒன்று உண்டு. கலுங்கானும் அதற்குப் பத்து நாள் கழித்து வரும் குனிங்கானும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. 2024-இல் பிப்ரவரி 28, செப்டம்பர் 25 என இரண்டு கலுங்கான். 2025-இல் ஏப்ரல் 23, நவம்பர் 19. வீட்டு வாசல்தோறும் வளைந்து தொங்கும் பெஞ்சோர் மூங்கில்களைப் படம் எடுத்துப் போட்டு, "இந்த சீசனில் போங்கள்" என்று எழுதுகிறார்களே, அதற்கு சீசனே கிடையாது. பெரும்பாலான கோயில்களின் ஆண்டுவிழாவான ஒடாலானும் 210 நாளுக்கு ஒருமுறைதான். கோயில்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் எந்த நாளில் போனாலும் ஏதாவது ஓர் ஊரில் விழா நடந்துகொண்டிருக்கும்.

இன்னொரு கணக்கு நமக்குத் தெரிந்ததுதான், சக ஆண்டு. பொ.ஆ. 78-இல் தொடங்கும் அதே சகம். அதன் வருடப் பிறப்புதான் நியெப்பி. சில வருடங்களில் தெலுங்கு உகாதியும் அதே நாளில் வருவது இதனால்தான். பெசாக்கி கோயிலில் நூறு சக ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஏகாதச ருத்ர சடங்கு 1979-இல், சகம் 1900 முடியும்போது நடந்தது. இதையெல்லாம் மாதவாரிப் பட்டியலில் எங்கே அடக்குவது?

சரி, தேதியை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம். அதைவிடப் பெரிய பிரச்சினை பட்டியல் பயன்படுத்தும் வினைச்சொல். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: பாருங்கள். தெங்கானான் கிராமத்தில் இளைஞர்கள் முள் தாழை மடலால் ஒருவரை ஒருவர் அடித்து ரத்தம் சிந்துவது இந்திரனுக்கான சடங்கு. அதையும் பாருங்கள். உலுவாட்டுப் பாறை மேல் சூரியன் மறையும் நேரத்தில் டிக்கெட் வாங்கி உட்காரும் கெச்சாக், அதையும் பாருங்கள். டென்பசாரில் அரசு நடத்தும் கலைவிழா, அதையும் பாருங்கள். ஒன்று தெய்வத்துக்கு, ஒன்று வெளியூர்க்காரருக்கு, ஒன்று உள்ளூர் ஜனத்துக்கு. பட்டியல் மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

இந்த வித்தியாசத்தைப் பற்றி பாலிக்காரர்களே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். விமானத்தில் வெளிநாட்டினர் கூட்டமாக வரத் தொடங்கிய சமயம், 1971-இல் டென்பசாரில் ஒரு கருத்தரங்கு கூடியது. எந்த ஆட்டத்தைச் சுற்றுலாவுக்கு ஆடலாம், எதை ஆடக்கூடாது என்பதுதான் கேள்வி. கோயிலின் மூன்று முற்றங்களை வைத்தே பதில் சொன்னார்கள். உள் முற்றத்தில் ஆடுவது வலி, அது சடங்கு. நடு முற்றத்தில் ஆடுவது பெபலி, சடங்கோடு சேர்ந்து வருவது. வெளி முற்றத்தில் ஆடுவது பலி-பலிஹான், அது வேடிக்கை பார்க்க. 2015-இல் யுனெஸ்கோ பாலி நடனங்களைத் தன் பட்டியலில் சேர்த்தபோதும் இந்த மூன்று பிரிவாகத்தான் சேர்த்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் பிக்கார் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 'புனிதம்', 'புனிதமற்றது' என்று பிரித்துப் பேச பாலி மொழியில் தயாராகச் சொல் இல்லாததால், கருத்தரங்கின் தலைப்பிலேயே ஐரோப்பியச் சொற்களைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதாவது, அந்தக் கோட்டைப் போட வேண்டிய அவசியமே சுற்றுலா வந்த பிறகுதான் ஏற்பட்டது. அதற்கு முன்பு தெய்வத்துக்கு ஆடியதை ஊரும் பார்த்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை.

இங்கேதான் பட்டியலுக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் விமர்சனமும் சறுக்குகிறது. "எல்லாம் டூரிஸ்ட்டுக்காகப் போடும் வேஷம், அசல் பாலி செத்துப் போச்சு" என்பார்கள். கேட்க நல்லா இருக்கும். ஆனால் பன்யெம்பிராமா என்ற நடனத்தின் கதையைப் பாருங்க. பெண்டெட் என்பது கோயிலில் தெய்வத்தை வரவேற்கும் ஆட்டம். அதை எடுத்து விருந்தாளிகளை வரவேற்க ஆட ஆரம்பித்ததும் பலருக்கு உறுத்தியது. சாமிக்குச் செய்வதை மனுஷனுக்குச் செய்யலாமா? அதனால் விருந்தாளிக்கென்றே தனியாக ஒரு வரவேற்பு நடனத்தை வடிவமைத்தார்கள், அதுதான் பன்யெம்பிராமா. கொஞ்ச காலத்தில் அந்த நடனத்தைக் கோயிலிலும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்! சுற்றுலாவுக்காகப் பிறந்தது சாமி முன்னால் போய் நின்றது. இதில் எது அசல், எது வேஷம்?

கெச்சாக்கும் அப்படித்தான். பட்டியல்கள் 'பழங்காலச் சடங்கு' என்று எழுதுவது சரியல்ல. சங்ஹியாங் என்ற சாமியாட்டச் சடங்கில் ஆண்கள் குழுவாக எழுப்பும் ஒலியை எடுத்து, ராமாயணக் கதையைச் சேர்த்து, 1930-களில் உருவான வடிவம் அது. பாலி நடனக்காரர் வயான் லிம்பாக்கும் ஜெர்மன் ஓவியர் வால்டர் ஷ்பீஸும் அதில் முக்கியமானவர்கள். ஆனால் 'அப்போ அது போலி' என்று ஒதுக்குவதும் சரியல்ல. பல இடங்களில் ஊர்க்காரர்களே குழு சேர்ந்து நடத்துகிறார்கள், வரும் காசில் ஊர்ப் பொதுச் செலவும் நடக்கிறது. விருந்தாளிக்காக நேர்மையாகச் செய்யப்படும் ஒன்றை அப்படியே சொன்னால் போதும், அதற்கு ஆயிரம் வருடப் பழமையை ஒட்டவைக்க வேண்டியதில்லை.

கலைவிழாவைப் பற்றிப் பட்டியல்கள் தவறவிடுவது இதற்கு நேரெதிரானது. 1979-இல், ஆளுநர் இடா பாகுஸ் மந்த்ரா காலத்தில் தொடங்கியது. ஜூன் நடுவிலிருந்து சுமார் ஒரு மாதம் நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுற்றுலாத் துறை ஏற்பாடு மாதிரி தெரியும். ஆனால் அங்கே கூடும் கூட்டத்தில் பெரும்பகுதி பாலிக்காரர்கள்தான். மாவட்டங்களுக்கு இடையே கொங் கெப்யார் இசைக்குழுக்கள் மோதும் ராத்திரிகளில் தன் ஊர்க் குழுவுக்குக் கத்தி ஆரவாரம் செய்ய வருகிறவர்கள் அவர்கள். வெளிநாட்டுப் பயணி ஓரமாக ஓர் இடம் பிடித்து உட்காரலாம், அவ்வளவுதான்.

கடைசியாக நியெப்பி. பட்டியல்களில் இதன் முதல் நாள் ராத்திரிக்குத்தான் முக்கால்வாசி இடம். ஒகோ-ஒகோ என்ற பிரம்மாண்ட பூத உருவங்களை இளைஞர்கள் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றும் ராத்திரி. இதையும் 'பல நூற்றாண்டு மரபு' என்று எழுதுகிறார்கள். இன்று நாம் பார்க்கும் வடிவம் பரவியது 1980-களில், 1983-இல் நியெப்பி இந்தோனேசியாவின் தேசிய விடுமுறையான காலத்தையொட்டி. அதைச் செய்வது பஞ்சார் என்ற ஊர்ப் பிரிவுகளின் இளைஞர் சங்கங்கள். வாரக்கணக்கில் ராத்திரி கண் விழித்துத் தங்களுக்காகச் செய்கிறார்கள்.

மறுநாள் என்ன செய்வது என்று பட்டியலுக்குத் தெரியவில்லை. விளக்கு கிடையாது, வேலை கிடையாது, பயணம் கிடையாது, கேளிக்கை கிடையாது. விமான நிலையம் 24 மணி நேரம் மூடியிருக்கும். 2018-இலிருந்து மொபைல் இணையமும் நிறுத்தப்படுகிறது. பெச்சாலாங் என்ற ஊர்க்காவலர்கள் தெருவில் சுற்றி வருவார்கள். வெளிநாட்டுக்காரர் ஹோட்டல் வளாகத்தை விட்டு வெளியே வர முடியாது. சுமார் 43 லட்சம் பேர் வாழும் தீவு, 2019-இல் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டினர் வந்த தீவு, வருடத்தில் ஒரு நாள் தன்னை மொத்தமாகச் சாத்திக்கொள்கிறது. அன்றைக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை. "தவறவிடாதீர்கள்" என்ற வரியை எங்கே போடுவது? அதற்கும் வழி கண்டுபிடித்து 'நியெப்பி அமைதிப் பேக்கேஜ்' என்று விற்கிறார்கள் சிலர்.

நான் பார்த்த பட்டியல்கள் பலவற்றில் நியெப்பிக்கு நேரே எச்சரிக்கை மாதிரி ஒரு வரிதான் இருக்கிறது: "இந்த நாளில் பயணத்தைத் தவிர்க்கவும்." அசௌகரியம் என்ற கணக்கில் அதைத் தள்ளிவிடுகிறார்கள். மற்ற விழாக்களில் வந்தவன் பார்வையாளன். இந்த ஒரு விழாவில் அவனுக்கும் ஒரு வேலை தரப்படுகிறது: விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா இருப்பது. வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்பது அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிகிறது. பாலியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஊருக்குப் போகிறவருக்கு அது தேவைதான். தேதி, இடம், கட்டணம் என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் 'யாருக்காக?' என்று இன்னொரு கட்டம் வேண்டும், அவ்வளவுதான். உலுவாட்டுக் கெச்சாக்குக்கு நேரே 'உங்களுக்காக' என்று எழுதலாம், தயங்க வேண்டாம். கலைவிழாவுக்கு 'பாலிக்காரர்களுக்காக, நீங்களும் வரலாம்'. ஒடாலானுக்கு 'தெய்வத்துக்காக, இடுப்பில் துணி கட்டி ஓரமாக நில்லுங்கள், கேமராவை முதலில் உள்ளே வையுங்கள்'. நியெப்பிக்கு 'எல்லோருக்கும், நீங்களும் சேர்த்துத்தான்'.

இந்தக் கட்டத்தை நிரப்ப எழுதுகிறவர் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கும். ஹோட்டல் விளம்பரத்திலிருந்து எடுத்து ஒட்ட முடியாது. பட்டியல்களில் அது காணாமல் போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.