சுறாவும் அதன் சாயலும்: விளையாட்டுருக்களில் இனவுண்மை பற்றிய ஒரு நோக்கு

சிறுவர் விளையாட்டுப் பொருள்கள் திறனாய்வாளரின் கவனத்தைப் பெரிதும் பெற்றனவல்ல. ஓவியம், சிற்பம், திரைப்படம் ஆகியன பற்றி விரிவாக ஆராய்வோர்கூடக் கடைகளில் விற்கப்படும் பிளாஸ்ரிக் விலங்குருக்களைக் கலைக்குப் புறம்பான பண்டங்களாகவே கொள்வர். இதற்கு விலக்காக, பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தொலொஜீஸ்’ என்னும் நூலில் விளையாட்டுப் பொருள்களையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வளர்ந்தோர் தமது உலகத்தைச் சிறுவர் கையிற் கொடுத்து, அதனை இயல்பானதென ஏற்கச் செய்யும் சாதனங்களாக அவை அவருக்குத் தோன்றின. இந்நோக்கினை விளையாட்டுச் சுறாக்களுக்குப் பொருத்திப் பார்க்கும்போது பயனுள்ள சில உண்மைகள் புலனாகின்றன.

சுறாவுருக்களைச் சேகரிப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். புதிய உருவொன்று கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் எழுப்பும் வினா, ‘இது எந்த இனம்?’ என்பதாகும். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது பொழுதுபோக்காளரின் நுணுக்க ஆர்வமாகவே தோன்றும். ஆயின், அவ்வினாவுக்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு.

பீற்றர் பெஞ்சிலியின் ‘ஜோஸ்’ என்னும் நாவல் 1974இலும், அதனைத் தழுவி ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்திய திரைப்படம் 1975இலும் வெளிவந்தன. படம் வெளிவந்த ஆண்டிலேயே அமெரிக்காவின் ஐடியல் நிறுவனம் அதன் பெயரில் விளையாட்டொன்றை விற்பனைக்கு விட்டது. பிளாஸ்ரிக் சுறாவொன்றின் திறந்த வாயினுட் கிடக்கும் குப்பைகளைக் கொளுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பாரம் குறைந்ததும் தாடை சடுதியாக மூடிக்கொள்ளும். உயிரியொன்று முழுவதும் இங்கே தாடையாகச் சுருங்கிவிடுவதைக் காணலாம். படத்திற் சொல்லப்படும் சுறாவின் நீளம் 25 அடி, அதாவது 7.6 மீற்றர். அறியப்பட்ட வெள்ளைச் சுறாக்களுள் மிகப் பெரியவை ஏறத்தாழ 6 மீற்றர் அளவினவே. பிற்காலத்தில் பெஞ்சிலி சுறாக்களின் பாதுகாப்புக்காக எழுதியும் பேசியும் வந்தார். எனினும், சுறா என்றதும் தாடையை நினைக்கும் வழக்கம் அதனால் மாறிவிடவில்லை. உலகில் 500க்கு மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. அவை அனைத்தையும் பல்லும் முதுகுச் செட்டையும் கொண்ட ஒரே பகைவனாக்கிய சாயலையே பெயரற்ற மலிவுச் சுறாவுரு சுமந்து நிற்கிறது.

இதற்கு எதிரான ஒரு போக்கும் உருவாகியது. அமெரிக்காவின் சபாரி நிறுவனம் மொன்ரரே குடா நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தின் பெயரில் கடல்வாழ் உயிரிகளின் உருக்களை வெளியிட்டது. யப்பானிலே 1999இல் சொக்கிலேற் முட்டைகளுள் வைத்து விற்கப்பட்ட, கையோடோ நிறுவனத்தின் சிறு விலங்குருக்கள் வளர்ந்தோரையும் சேகரிப்போராக்கின. இத்தகைய உருக்களோடு இனவுண்மையை அளவிடும் நோக்கும் வலுப்பெற்றது.

அவ்வளவுகோல்கள் கண்டிப்பானவை. பெரும்பாலான சுறாக்களுக்குப் பூப்பிளவுகள் ஐந்து. சிலவற்றுக்கு ஆறு அல்லது ஏழு. வெள்ளைச் சுறாவின் ஐந்து பிளவுகளும் மார்புச் செட்டைக்கு முன்பாகவே அமைவன. கிறீன்லாந்துச் சுறாவுக்குக் குதச் செட்டை இல்லை. உருவில் அது காணப்படின் பிழையாகும். சம்மட்டித் தலைச் சுறாக்களுள் மிகப் பெரிய இனத்துக்குத் தலையின் முன்விளிம்பு ஏறக்குறைய நேரானது, முதுகுச் செட்டை அரிவாள்போல் உயர்ந்தது. மற்றோரினத்தின் தலைவிளிம்போ வளைந்து, நடுவே குழிவுடையது. ஒன்றின் தலையையும் மற்றதன் செட்டையையும் பொருத்திய உரு எவ்வினமும் ஆகாது. புலிச் சுறாவின் வரிகள் இளமையில் தெளிவாக இருந்து, வயது ஏற மங்குவன. எனவே, பருத்த முதிர்ந்த உடலிற் கருவரிகளைத் தீட்டும்போது இரு பருவங்கள் ஓருடலிற் கலந்துவிடுகின்றன. ஆண் சுறாவின் இடுப்புச் செட்டைகளை ஒட்டிப் புணர்ச்சியுறுப்புகள் இரண்டு உள்ளன. அவை இல்லையென்பதற்காக ஓர் உருவைத் தள்ளிவிடுதல் கூடாது. அது பெண் சுறாவாயிருக்கலாம்.

இவ்வாறு உறுப்புகளை எண்ணிச் சரிபார்த்தல் இன்றியமையாதது. ஆனால், அதுவே போதுமானதா என்பது சிந்திக்கற்பாலது. ஆழ்கடலில் வாழும் கொப்ளின் சுறா 1898இல் விவரிக்கப்பட்ட இனம். இறந்த மாதிரிகளில் அதன் தாடை முன்தள்ளி நிற்பதுண்டு. அந்நிலையிலேயே அது நெடுங்காலம் வரையப்பட்டது. உயிருள்ள சுறாவோ தாடையை உள்ளிழுத்தவாறே நீந்துகிறது. இரையைப் பற்றும் கணத்தில் மாத்திரமே அதனை வீசி நீட்டுகிறது. அவ்வீச்சின் வேகம் செக்கனுக்கு 3.1 மீற்றர் வரை செல்வதை யப்பானிய ஆய்வாளர் 2016இல் வெளியிட்டனர். தாடை எந்நேரமும் நீண்டு நிற்க நீந்துவதாக வார்க்கப்பட்ட உருவில் பல், செட்டை, நிறம் யாவும் சரியாக இருக்கலாம். ஆயினும், அது உயிர்ச் சுறாவன்று, பிணத்தின் பிரதியே.

இலக்கியத் திறனாய்வில் யதார்த்தவாதத்துக்கும் இயற்பண்புவாதத்துக்கும் இடையே ஜோர்ஜ் லூகாச் காட்டிய வேறுபாடு இவ்விடத்திற் பொருந்துவதாகும். விவரங்களைக் குவிப்பது இயற்பண்புவாதம். அவ்விவரங்களை இயக்கும் உறவுகளை வெளிக்கொணர்வது யதார்த்தவாதம். செட்டையின் வடிவம் நீந்தும் முறையோடும், பல்லின் வடிவம் இரையோடும் தொடர்புடையவை. அத்தொடர்பு புலப்படாதபோது உறுப்புகளின் தனித்தனித் துல்லியம் முழுமையின் உண்மையாகிவிடுவதில்லை.

உண்மையென அறியப்பட்டதும் காலத்தோடு மாறுகின்றது என்பதை அழிந்த இனங்களின் உருக்கள் உணர்த்துகின்றன. சுறாவின் வன்கூடு கசியிழையத்தாலானது. ஆகவே, அழிந்த மெகலடோனுக்கு உயிர்ச்சுவடாக எஞ்சியவை பெரும்பாலும் பற்களும் சில முள்ளந்தண்டென்புகளுமே. உருச் செய்வோர் அதனைப் பருத்த வெள்ளைச் சுறாவாகவே வார்த்து வந்தனர். 2024இலும் 2025இலும் வெளிவந்த ஆய்வுகள் அது மேலும் நீண்டு மெலிந்ததாக இருந்திருக்கலாமென வாதிட்டன. ஹெலிகோபிரியனின் சுருட்பற்களை 1899இல் கார்ப்பின்ஸ்கி மூக்கின்மேற் பொருத்திக் காட்டினார். கீழ்த்தாடையே அவற்றின் இடமென்பது 2013இல் கதிர்ப்படத்தின் துணையுடன் நிறுவப்பட்டது. அவ்வுயிரி சுறாவைவிடக் கைமீராக்களுக்கு நெருங்கியதென்பதும் அப்போது தெளிவாயிற்று. இத்தகைய ஆய்வுகளுக்கு முன் வார்க்கப்பட்ட உருவைப் பொய்யென்று வீசுதல் முறையன்று. அது தன் காலத்து அறிவின் ஆவணம். சான்று இருந்தும் அதனைப் புறக்கணித்த உருவையும், சான்று கிடைக்காத நிலையில் ஊகித்த உருவையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

பொம்மைக்கு இத்துணை ஆய்வு எதற்கெனச் சிலர் வினவலாம். விளையாடுதற்குரிய பொருளைக் கண்ணாடிப் பெட்டியுட் சிறைவைப்பது சிறுவரிடமிருந்து அதனைப் பறிப்பதாகுமென்ற கண்டனத்திலும் நியாயமுண்டு. ஆயின், இனம் பிரித்தறிதல் வெறும் அலங்கார அறிவன்று. சுறா, திருக்கை முதலிய கசியிழைய மீனினங்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை அழிவாபத்தில் உள்ளனவென 2021இல் வெளியான உலக மதிப்பீடு காட்டியது. மிகைப் பிடிப்பே அதன் தலையாய காரணம். இலங்கையிலும் திரெஷர் சுறாக்களைப் பிடித்தல் 2012இல் தடைசெய்யப்பட்டது. உடலின் ஏனைய பகுதியளவு நீண்ட, சாட்டை போன்ற வாலின் மேற்பாகமே அச்சுறாவைக் கண்டவுடன் இனங்காட்டும் அடையாளம். பொதி செய்யும் வசதிக்காக அவ்வாலைக் குறுக்கிய உரு, அழியும் இனமொன்றை அறியும் வழியையே குறுக்கிவிடுகிறது. சட்டம் இனத்தின் பெயராற் காக்கின்றது. பெயரறியாக் கண்ணோ எல்லாவற்றையும் சுறாவென்றே காண்கிறது.

ஆதலால், இனவுண்மை என்பது விளையாட்டுக்குப் பகையாகக் கொள்ளத்தக்கதன்று. சரியான வாலும் சரியான செட்டையும் உடைய சுறாவைக் கையிற் பிடித்துத் தரையில் நீந்தவிடும் சிறுவன், ‘இது எந்த இனம்?’ என்ற வினாவை யாரும் கற்பிக்காமலே எழுப்பக்கூடும். அவ்வினாவுக்கு இடமளிக்கும் உருவே சிறந்த உரு. எத்தனை அழகாகத் தீட்டப்பட்டிருப்பினும், அவ்வினா எழாதவாறு தாடையை மட்டும் திறந்து காட்டும் உரு, கடலைப் பற்றிச் சிறுவனுக்குச் சொல்வது அச்சமொன்றையே.