வலியும் வல்லமையும்: கொல்லிமலை பிராண்ட் நூல்களை முன்வைத்து

தமிழில் ‘வலி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று வலிமை, திருக்குறளின் 48-ஆம் அதிகாரமான ‘வலியறிதல்’ அப்பொருளில் அமைந்தது. மற்றொன்று நோவு. இன்றைய வழக்கில் பின்னதே நிலைத்துவிட்டது. (அரபுச் சொல்லாகிய ‘வலீ’ நம் செவியில் மூன்றாவதாகவும் ஒலிக்கும், அது வேறு செய்தி.) நோவை உணராத வலிமை அழிவையே விளைவிக்கும், ஆகவே இறைவனின் வல்லமையிலும் நோவுக்கு இடமுண்டு என்று வாதிட்ட ஒரு மருத்துவர், சேந்தமங்கலத்தை அடுத்துள்ள கொல்லிமலையில் தமிழ் கேட்டு வளர்ந்தவர். ஆங்கிலத்தில் எழுதியதால் இந்தச் சிலேடை அவருக்கு வாய்க்கவில்லை. அவர் பெயர் பால் பிராண்ட். அவருடைய நூல்களையும் அவர் குடும்பத்தைப் பற்றிய நூல்களையும் தவ்ஹீதின் ஒளியில் பரிசீலிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அக்குடும்பத்தைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் லண்டனின் வசதியான குடும்பத்தில் பிறந்த ஓவியரான எவலினும் 1913-ல் சேந்தமங்கலத்தில் மணம் முடித்து மலையேறினர். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்று கால்நடையும் டோலியும்தான். அவர்கள் சென்றடைந்த மலை, வலிமையைப் பற்றித் தனக்கென்று பழங்கதைகள் உடையது. ஒரே அம்பினால் யானை முதலாகப் பல உயிர்களை வீழ்த்தியதாகப் புறநானூறு புகழும் வல்வில் ஓரியின் மலை அது. நகைத்தே உயிர் கொள்ளும் கொல்லிப்பாவையின் மலையும் அதுவே. தெய்வ வல்லமை என்றால் கொல்லும் வல்லமை என்று அறிந்திருந்த இடத்தில், அத்தம்பதியர் சிலுவையில் மாண்டவரைத் தெய்வமென்று சொல்லச் சென்றனர். ஆண்டுக்கணக்கில் எவரும் செவிசாய்க்கவில்லை.

அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர் உள்ளூர்ப் பூசாரி ஒருவர். முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய இன்புளூயன்சா அவரையும் பற்றியது. நோய்க்கு அஞ்சி அவருடைய மக்களே விலகி நின்றபோது பிராண்ட் தம்பதியர் அவர் குடிசைக்குச் சென்று பணிவிடை செய்தனர். மரணத் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன் பிறகே மலைமக்கள் அவர்களை நெருங்கினர். ஜெஸ்ஸி 1929-ல் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். எவலினோ மிஷன் ஓய்வு கொடுத்த பின்னரும் திரும்பிவந்து, இடுப்பெலும்பு முறிந்த நிலையிலும் மூங்கில் கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் மலைக்கு மலை சென்று, 1974-ல் 95-ஆம் வயதில் காலமானார். கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இனி கோட்பாட்டுக்கு வருவோம். கிறிஸ்தவர்களும் இறைவனை எல்லாம் வல்லவன் என்றே அழைக்கின்றனர். அவர்களுடைய விசுவாசப் பிரமாணம் சர்வவல்லமை என்ற பண்பைக் கொண்டே தொடங்குகிறது. பிரிவு சிலுவையில் நேர்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இறைவனுடைய பலவீனம் மனிதரின் பலத்தினும் மேலானது என்ற கருத்து வருகிறது. இரண்டாம் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் இறைவனின் வல்லமை அடியானின் பலவீனத்தில் நிறைவாக விளங்குகிறது என்ற கருத்து வருகிறது. பிரசங்கங்களில் இவ்விரண்டும் ஒன்றாகவே கையாளப்படுகின்றன. ஆனால் இவை இரண்டும் ஒன்றல்ல. முன்னது பலவீனத்தை இறைவனோடு சேர்க்கிறது. பின்னது அதை அடியானிடமே வைக்கிறது. பின்னதை ஏற்பதில் நமக்கு எத்தடையும் இல்லை. மனிதன் பலவீனனாகவே படைக்கப்பட்டான் என்று அந்நிஸா அத்தியாயம் (4:28) கூறுகிறது. பலவீனர்களின் பொருட்டே உங்களுக்கு உதவியும் வாழ்வாதாரமும் வழங்கப்படுகின்றன என்ற கருத்துடைய நபிமொழி புகாரியில் உள்ளது.

ஆதித் திருச்சபையும் இதில் எச்சரிக்கையாகவே இருந்தது. பிதாவே துன்புற்றார் என்ற கொள்கையை அது வழிகேடென ஒதுக்கியது. 451-ல் கூடிய கல்கிதோன் சங்கம் ஈஸா (அலை) அவர்களிடம் இரு இயல்புகளைக் கற்பித்தபோதும், இறையியல்பு துன்பத்துக்கு அப்பாற்பட்டது என்பதைக் கைவிடவில்லை. அக்கோட்பாட்டில் நமக்கு உடன்பாடில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எனினும் இறைவனைத் தாக்கத்துக்கு உள்ளாகாதவன் என்று நம் முதகல்லிமீன்கள் கூறியதற்கும் அவர்கள் கூறியதற்கும் அன்று தூரம் அதிகமில்லை. அத்தூரம் பெருகியது இருபதாம் நூற்றாண்டில். நாஜிச் சிறையில் இருந்த போன்ஹோஃபர் 1944 ஜூலையில் எழுதிய கடிதமொன்றில், துன்புறும் இறைவனால் மட்டுமே உதவ முடியும் என்ற முடிவுக்கு வந்தார். போர்க்கைதியாக இருந்து மீண்ட மோல்ட்மன் 1972-ல் ‘சிலுவையில் அறையப்பட்ட இறைவன்’ என்ற நூலில் அதை முழுக் கோட்பாடாகவே வளர்த்தார். ஐரோப்பா தன் கைகளால் செய்த படுகொலைகளுக்குப் பின் சர்வவல்லமை என்ற சொல்லை உச்சரிக்கக் கூசியது. அக்கூச்சத்தை நாம் புரிந்துகொள்ள முடியும்.

பால் பிராண்ட் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தார். அவருடைய வழி நோயாளிகளின் கைகள். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவரை, டாக்டர் காக்ரேன் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கி முடங்கிய கையுடைய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, பற்றிப் பிடிக்குமாறு பிராண்ட் கேட்டார். எதிர்பாராத பலத்துடன் அக்கை அவர் கையை நெரித்தது. அவர் வலியால் துடித்தார். அந்த நோயாளிக்கோ தாம் நோவு தருவதே தெரியவில்லை. பின்னொரு நாள் துருவேறிய பூட்டொன்றை பிராண்டால் திறக்க இயலாதபோது, மெலிந்த சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். பார்த்தால் அவன் விரலில் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. அவன் அதை உணரவே இல்லை. தொழுநோய் சதையை அழுகச் செய்வதில்லை, நரம்பைக் கொன்று நோவுணர்ச்சியைப் பறிக்கிறது, உணர்விழந்தவர் தம் பலத்தாலேயே தம்மைச் சிதைத்துக்கொள்கிறார் என்பதை அவர் பல ஆண்டுக்கால ஆய்வில் நிறுவினார். இரவில் எலி கடித்தும் விழிக்காமல் விரல் இழந்தவர்கள் இருந்தனர். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, முடங்கிய கைகளை மீண்டும் விரியச் செய்த அறுவை முறையால் அவர் உலகப் புகழ் பெற்றார்.

பிலிப் யான்சியுடன் சேர்ந்து அவர் எழுதிய மூன்று நூல்களும் (1980, 1984, 1993) இவ்வனுபவத்தின் மேல் எழுந்தவை. மருத்துவம் பேசும் பகுதிகளில் அவற்றுக்கு ஈடான நூல்கள் குறைவு. நோவு இறைவனின் கொடை என்று அவர் நிறுவும் பக்கங்களைப் படிக்கும் முஸ்லிம் வாசகர், படைப்பின் ஞானத்தைச் சிந்திக்குமாறு குர்ஆன் அழைப்பதை நினைவுகூராமல் இருக்க முடியாது. ஆனால் 1984-ஆம் ஆண்டின் ‘இன் ஹிஸ் இமேஜ்’ இன்னொரு படி ஏறுகிறது. உடலின் எப்பகுதியில் அடிபட்டாலும் தலை அறிகிறது; திருச்சபை உடல், அதன் தலை கிறிஸ்து; ஆகவே நம் நோவை இறைவனும் உணர்கிறான் என்பது அதன் வாதம். தொழுநோயாளிகளிடையே பேசுகையில், ஆணி பாய்ந்த கிறிஸ்துவின் கைகளும் உங்கள் கைகளைப் போலவே முடங்கியிருக்கும் என்று அவர் சொன்னதும், கேட்டவர்கள் அதுவரை மறைத்துவைத்த தம் கைகளை உயர்த்தியதும் அவர் நூல்களிலேயே மிகவும் உருக்கமான பகுதி.

உருக்கம் வேறு, நிரூபணம் வேறு. நோவில்லாத பலம் தன்னையும் பிறரையும் சிதைக்கும் என்பது படைப்பினங்களில் உண்மை. ஏனெனில் அவை சிதையக்கூடியவை. நோவு என்பது காவற்காரன். கொள்ளை போகக்கூடிய வீட்டுக்கே காவற்காரன் தேவை. இழப்பு அணுக முடியாத ஒருவனுக்கு அக்காவல் எதற்கு? கண்முன் உள்ளதை வைத்து மறைவானதை அளக்கும் இவ்வாதத்துக்கு ‘கியாஸுல் காயிப் அலஷ் ஷாஹித்’ என்று நம் அகீதா நூல்கள் பெயரிட்டு, இருதரப்புக்கும் பொதுவான காரணம் நிறுவப்படாத வரை அதைத் தள்ளுகின்றன. அந்தச் சிறுவனின் விரலில் இல்லாதது அறிவு. இறைவனின் குத்ரத் ஒருபோதும் இல்மை விட்டுப் பிரிவதில்லை. ஆகவே உணர்விழந்த கையின் குருட்டுப் பலத்துக்கு அங்கே இடமே இல்லை.

இதற்கும் ஆழமான விடையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘அல்மக்ஸதுல் அஸ்னா’வில், அர்ரஹ்மான், அர்ரஹீம் ஆகிய திருநாமங்களின் விளக்கத்தில் தந்துள்ளார்கள். மனிதனின் இரக்கத்தில் மனம் நோகும் ஓர் இளக்கம் கலந்திருக்கிறது. இறைவனோ அதிலிருந்து தூயவன். இதைக் குறையென ஒருவர் கருதக்கூடும். இமாமவர்கள் அதையே நிறைவெனக் காட்டுகிறார்கள்: தன் மனம் நோவதால் உதவுகிறவன் தன் நோவைத் தணித்துக்கொள்ளவும் உதவுகிறான் என்றாகிவிடும். அந்த அளவுக்கு அவன் தன்னையே நோக்குகிறான். தேவையுடையோரின் தேவையை மட்டுமே நோக்கும் இரக்கம், நோவுக்கு ஆளாகாதவனிடமே முழுமை பெறும். பிராண்டின் வாதம் இரக்கத்தை மேன்மைப்படுத்த விரும்பியது. கஸ்ஸாலியின் தராசில் அது இரக்கத்தைக் குறைத்துவிடுகிறது. அந்நூலுக்கு நாம் கண்டவரை இதைவிடக் கூரிய மறுமொழி இல்லை. அது எழுதப்பட்டதோ அந்நூலுக்குச் சுமார் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்.

அப்படியாயின் நோயாளியோடு இறைவனுக்குள்ள நெருக்கம் என்ன? ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் குத்ஸீ ஒன்று இங்கே நினைவுக்கு வரவேண்டும். மறுமையில் இறைவன் அடியானிடம், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை நலம் விசாரிக்கவில்லை என்பான். அகிலங்களின் இரட்சகனான உன்னை எப்படி விசாரிப்பேன் என்று அடியான் திகைப்பான். இன்ன அடியான் நோயுற்றதை அறிந்தும் நீ செல்லவில்லை, சென்றிருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய் என்பது மறுமொழி. இதே வடிவிலான உரையாடல் மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்திலும் உண்டு. அங்கே சிறியோருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று முடிகிறது. இங்கே தொடக்கம் அதே அளவு துணிச்சலானது. முடிவிலோ ‘அவனிடத்தில்’ என்ற ஒரு சொல்லால் எல்லை காக்கப்படுகிறது. நோயாளி இறைவன் ஆகவில்லை, இறைவன் நோயாளி ஆகவில்லை. ஆயினும் நோயாளியின் கட்டிலருகே தேடினால் அவனைக் காணலாம். இன்புளூயன்சாக் காலத்தில் பூசாரியின் குடிசைக்குள் நுழைந்தவர்களின் செயலை விளக்க இதற்கு மேல் ஒரு கோட்பாடு வேண்டியதில்லை. அங்கே வெளிப்பட்டது அடியார்களின் பலவீனமும் இறைவனின் வல்லமையுமே. அதாவது பவுலின் இரண்டாம் கருத்து. நூல்கள் வாதிடுவது முதலாவதை. பிராண்ட் குடும்பத்தின் வாழ்க்கை அதன் இறையியலைவிடச் சரியானது என்பது நம் துணிபு.

இவ்விடத்தில் நம்மவர் வழக்கம் ஒன்றையும் குறிப்பிடவேண்டும். செத்துப்போன கடவுளா என்று மேடையில் கேட்டுக் கைதட்டல் வாங்கும் விவாதப் பாணி, அஹ்மத் தீதாத் அவர்களின் உரைகள் பரவிய காலந்தொட்டு நம்மிடையே வேரூன்றிவிட்டது. தீதாத் அவர்களிடம் நூலறிவாவது இருந்தது. அவரைப் பின்பற்றியவர் பலரிடம் கைதட்டல் மட்டுமே எஞ்சியது. குர்ஆன் இவ்வாதத்தை நடத்தும் முறையோ வேறு. மஸீஹையும் அவர்தம் அன்னையையும் பூமியில் உள்ள அனைவரையும் அல்லாஹ் அழிக்க நாடினால் யார் தடுக்க முடியும் என்று அல்மாயிதா (5:17) வினவுகிறது. அதில் ஏளனம் இல்லை. அதே அத்தியாயத்தின் 82-ஆம் வசனம், கிறிஸ்தவர்களில் குருமாரும் துறவியரும் இருப்பதையும் அவர்கள் பெருமையடிப்பதில்லை என்பதையும் எடுத்துக் கூறுகிறது. அவ்வசனத்தின் இறங்கு பின்னணியை நாம் அறிவோம். எனினும் மூங்கில் கோலூன்றி மலையேறிய மூதாட்டியின் வரலாற்றைப் படிக்கையில் அது நினைவுக்கு வராமல் போகாது. தொழுநோயாளியை ஈஸா (அலை) அவர்கள் குணப்படுத்தியதைக் குர்ஆன் இருமுறை (3:49, 5:110) கூறி, இருமுறையும் அல்லாஹ்வின் அனுமதியால் என்ற நிபந்தனையைச் சேர்க்கிறது. அந்த நிபந்தனையை நாம் உரக்கச் சொல்கிறோம். தொழுநோயாளியை எத்தனை முறை தொட்டோம் என்ற கேள்வியை மேடையில் எவரும் எழுப்புவதில்லை.

நூல்களின் மேல் இன்னொரு குறையும் உண்டு. டோரதி கிளார்க் வில்சன் எழுதிய ‘கிரானி பிராண்ட்’ (1976) சுவையான வாழ்க்கை வரலாறு. அதில் மலை ஒரு பின்னணி. மலையாளிப் பழங்குடி மக்கள் மருந்து பெறுகிறவர்களாகவே வருகின்றனர். பூசாரியின் எதிர்ப்பு எதிலிருந்து பிறந்தது, தெய்வ வல்லமை என்று அவர் எதை அறிந்திருந்தார் என்பதை அவர் வாயால் நாம் கேட்கவே இல்லை. ஓரியும் பாவையும் வாழ்ந்த மலையில் வல்லமையைப் பற்றிய நூலுக்கு அது பெரிய இழப்பு.

இறுதியாக ஒரு திருநாமம். அல்ஹஷ்ர் அத்தியாயத்தில் (59:23) வரும் ‘அல்ஜப்பார்’ என்பதை நம் தமிழ் மொழிபெயர்ப்புகள் ‘அடக்கியாள்பவன்’ என்கின்றன. அது சரியே, கஸ்ஸாலி அவர்களும் அப்பொருளையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ‘ஜப்ர்’ என்பதற்கு முறிந்த எலும்பைக் கூட்டுதல் என்றும் பொருள் உண்டு. அவ்வழியே ஜப்பார் என்பவன் உடைந்ததைச் சீராக்குபவன் என்றும் முஃபஸ்ஸிர்கள் விளக்கியுள்ளனர். முறிவுக்குக் கட்டும் கட்டு ‘ஜபீரா’ என்பதை, அதன் மேல் மஸஹ் செய்யும் சட்டத்தைப் படித்த மாணவர் எவரும் அறிவர். இரு ஸஜ்தாக்களுக்கிடையில் அமர்ந்து ‘வஜ்புர்னீ’ என்று நாம் கேட்பதும் அதே வேரிலிருந்துதான். அடக்கும் வல்லமையும் கூட்டும் வல்லமையும் அங்கே ஒரே பெயரில் உள்ளன. கூட்டுபவன் முறியவேண்டிய தேவை எழவில்லை. இப்பொருளை மொழிபெயர்ப்பாளர்கள் அடுத்த பதிப்புகளில் அடிக்குறிப்பாகவேனும் சேர்த்தால், தமிழில் மட்டும் ஓதுவோர் ஒரு திருநாமத்தைப் பாதியாகவே அறிந்துகொள்ளும் நிலை மாறும்.