செப்சிசும் சிறுநீரகமும்: ரவீந்திர மேத்தா குழுவின் ஆய்வு

செப்சிஸ் எனும் கடும் தொற்றுநிலை திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்குக் காரணமாவது நன்கு அறியப்பட்டது. அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் பணியாற்றிய சிறுநீரகவியல் அறிஞர் ரவீந்திர மேத்தாவும் அவர் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வுறவின் மறுபக்கத்தைக் காட்டியது.

அந்நாட்டின் 5 மருத்துவமனைகளில் சிறுநீரகப் பாதிப்புடன் தீவிர சிகிச்சை பெற்ற 611 பேரில், 174 பேருக்குச் (28%) செப்சிஸ் முன்னரே இருந்தது. 243 பேருக்கோ (40%) சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பின்னரே அது வந்தது. இடைவெளியின் இடைநிலை அளவு 5 நாள். இப்பிரிவினரில் 44% பேர் இறந்தனர். செப்சிஸ் வராதோரில் 21% பேரே இறந்தனர். தொற்றைத் தடுக்கச் சில நாள் அவகாசம் உண்டு என உணர்த்தியதே இவ்வாய்வின் பெரும்பயன்.

எனினும் இது உற்றுநோக்கல் ஆய்வு. சிறுநீர் குறைதல், உடலில் நீர் தேங்குதல், டயாலிசிஸ் ஆகியவை பிந்தைய செப்சிசோடு தொடர்புடையன என்கிறது. டயாலிசிஸ் பெற்றோர் பெரும்பாலும் நோய் முற்றியவர்கள். ஆகவே தொற்றுக்குக் காரணம் சிகிச்சையா, நோயின் கடுமையா எனப் பிரித்தறிவது கடினம். பின்னர் வந்தது என்பதாலேயே அதனால் வந்தது என்றாகாது.

பாம்புக்கடி, வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல் ஆகியவற்றாலும் சிறுநீரகம் பழுதடையும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு இந்த 40% அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவரைத் தொற்று அணுகாமல் காக்க வேண்டும் என்ற எச்சரிக்கையோ எங்கும் பொருந்தும்.