நேத்து எழுதினது எங்கடா?

ஆறு வாரமாகக் கைபேசியில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திருத்தி எழுதிவருகிறேன். 2003-இல் தொடங்கிய கலைக்களஞ்சியம். அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எனக்குப் பிடித்துப்போனது மெனுவில் இருக்கும் ஒரே ஒரு சொல்: ‘பங்களிப்புகள்’.

என்னோடு சேர்ந்து எழுதுபவர் பெரியப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இதற்குமுன் ஊர் வரலாற்றுக்கான வேறொரு செயலியில் எழுதிக்கொண்டிருந்தார். ஏரி மதகைப் பற்றி ராத்திரி உட்கார்ந்து எழுதுவார். விடிந்தால் அது மற்றவர்கள் எழுதியதற்கு அடியில் போயிருக்கும். “ஏன்டா, நேத்து நான் எழுதினது எங்கடா போச்சு?” விரல் நோகத் தள்ளித் தள்ளித் தேடுவோம். அவர் பெயரைப் போட்டுத் தேடினால் அதே பெயர்க்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். மூன்றே மாதத்தில் எழுதுவதை விட்டுவிட்டார். எழுதியது கைக்கு அகப்படாத இடத்தில் யாருக்குத்தான் மறுபடி எழுத மனம் வரும்?

விக்கிப்பீடியாவில் ‘பங்களிப்புகள்’ என்ற சொல்லைத் தொட்டால் போதும். செய்த திருத்தமெல்லாம் தேதி, நேரத்தோடு, புதியது மேலே பழையது கீழே என்று நிற்கிறது. பக்கத்திலேயே எத்தனை பைட் கூடியது, குறைந்தது என்ற கணக்கு. பெரியப்பாவின் முதல் திருத்தம், விட்டுப்போன ஒரு ‘ப்’. பச்சையில் +6 என்று வந்தது. “ஒரு ஒற்றுக்கு ஆறா?” என்றார். ‘ப’வுக்கு 3, புள்ளிக்கு 3 என்று சொன்னதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மெய்யின் புள்ளிக்குத் தனிக் கணக்கு வைக்கிற கருவி அவருக்கு உடனே உறவாகிவிட்டது.

ஒன்று கவனிக்க வேண்டும். பயனர் கணக்கில் நுழையாமல் செய்த திருத்தம் உங்கள் பட்டியலில் சேராது. இன்னொன்று என் வருத்தம்: ஒரு கட்டுரை நீக்கப்பட்டால், அதில் நாம் செய்த திருத்தங்களும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். புதிதாக வந்தவர் தன் எழுத்தைப் பதறித் தேடுவது அன்றைக்குத்தான். ‘இது நீக்கப்பட்டது’ என்று ஒரு வரியாவது அங்கே நிற்க வேண்டும். பட்டியல் எனக்குப் பிடித்ததுதான்; அதன் பெயர் மட்டும் ‘பங்களிப்புகள்’ என்பதைவிட ‘நான் எழுதியவை’ என்றிருந்தால், ஓர் ஒற்றை மட்டும் திருத்தியவரும் அது தனக்கான இடம் என்று தயங்காமல் தொடுவார்.

பட்டியல் ஒரு பக்கத்துக்கு 50 திருத்தம் காட்டும். நேற்று பெரியப்பாவின் பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. காபியைக்கூடத் தொடாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து, கடைசி வரியை எனக்குக் காட்டினார். +6 அங்கேயே இருந்தது.