விண்வெளித் திரைப்படமும் விஞ்ஞானியின் உரையும்: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

திரைப்படம் காட்டப்படும் அரங்கிலேயே அதன் பொருள்பற்றி விஞ்ஞானி ஒருவரை உரையாற்றச் செய்யும் முறை நமது கவனத்துக்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள கூலிட்ஜ் கோணர் திரையரங்கு, 2005ஆம் ஆண்டில் இதனை ஒரு தொடர் நிகழ்ச்சியாக ஆரம்பித்தது. பின்னர் சுலோன் அறநிதியத்தின் உதவியுடன் அந்நாட்டின் பிற அரங்குகளுக்கும் அது பரவிற்று. இம்முறையின் பயனையும் எல்லையையும் அறிதற்கு, றிட்லி ஸ்கொட் இயக்கி 2015இல் வெளிவந்த ‘தி மார்ஷியன்’ ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

செவ்வாய்க் கிரகத்துப் புயலொன்றில் இறந்துவிட்டதாகக் கருதப்பட்டுத் தனித்து விடப்படும் தாவரவியலாளன் ஒருவன், மனிதக் கழிவை எருவாக்கி, ஐதரசீன் எரிபொருளிலிருந்து நீரை ஆக்கி, உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர்வாழ்வதே இப்படத்தின் கதை.

இதுபற்றி விஞ்ஞானி எடுத்துரைக்கக்கூடியன பல. செவ்வாயின் வளியமுக்கம் பூமியினதில் நூற்றிலொரு பங்கிற்கும் குறைவு. எனவே விண்கலத்தைச் சாய்க்கும் வலு அங்கு வீசும் காற்றுக்கு இல்லை. 2008இல் பீனிக்ஸ் ஆய்வுக்கலம் அம்மண்ணில் பேர்குளோரேற்று உப்புக்களைக் கண்டறிந்தது. தைரொயிட்டுச் சுரப்பியின் தொழிற்பாட்டைப் பாதிக்கும் இவ்வுப்புக்களை நீரினாற் கழுவியகற்றாது அங்கு பயிரிடுதல் தீங்காகும். படம் பேசாத இவற்றை அறிதல் பார்வையாளருக்கு நன்றே. ஆயினும், உரை பிழைதிருத்தத்துடன் நின்றுவிடின் அரங்கு வகுப்பறையாகிவிடும். மேலும், இப்படத்தின் ஆக்கத்துக்கு நாஸா நிறுவனமே ஆலோசனை வழங்கியது. அந்நிறுவனத்தாரே உரையாளருமாயின், விளக்கம் விளம்பரமாக மாறும் அபாயமும் உண்டு.

வன்னியிலிருந்து நோக்குமிடத்து வேறொரு வினா முன்னெழுகின்றது. ஐவரின் உயிருக்கு ஆபத்து எனக் கருதி, மீட்புத் திட்டமொன்றை விண்வெளி நிறுவனத்தின் தலைவர் மறுக்கிறார். தோழர்களோ கட்டளையை மீறித் திரும்புகின்றனர். ஒருவனுக்காகச் சீனாவும் தன் ஏவுகலத்தை வழங்குகின்றது. கிளிநொச்சி மக்கள் இக்காட்சியை வெறும் கற்பனையாகக் காண்பது அரிது. பாதுகாப்புக்கு உத்தரவாதமளிக்க இயலாதென அரசாங்கம் அறிவித்ததையடுத்து, 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச அலுவலர்கள் அந்நகரை விட்டு வெளியேறினர். போகவேண்டாமென மக்கள் அவர்தம் அலுவலக வாயிலில் நின்று மன்றாடினர். 2009 மே வரை நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். சபை தன் கடமையில் தவறியதை, 2012இல் வெளியான அதன் உள்ளக மீளாய்வே ஒப்புக்கொண்டது.

மீட்பதா, கைவிடுவதா என்ற முடிவின் பின்னால் எப்போதும் ஒரு கணக்கு இருக்கின்றது. எரிபொருள், தூரம், காலம் ஆகியவற்றை விஞ்ஞானி கணிக்கின்றார். எவருடைய உயிருக்கு எவ்வளவு பெறுமதி என்பதை அதிகாரம் கணிக்கின்றது. இவ்விரண்டாவது கணக்கைத் தொடாத உரை, படத்தின் பாதியையே விளக்கியதாகும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றது. இத்தகைய நிகழ்ச்சிக்கு அதனினும் பொருத்தமான களம் வேறில்லை எனலாம். அங்கு மண்ணியல் விரிவுரையாளரோடு வன்னி விவசாயி ஒருவரும் மேடையில் அமர்தல் வேண்டும். போரின் பின் மீளக்குடியமர்ந்தோர் பலர், கண்ணிவெடி அகற்றப்படும்வரை தம் சொந்த வயலில் மண்வெட்டி போட இயலாது காத்திருந்தவர்கள். நஞ்சேறிய மண்ணில் உயிர்வாழ்தல் என்றால் யாதென்பதைச் செவ்வாய்க்குச் செல்லாமலே அறிந்தவர்கள் அவர்கள். விஞ்ஞானி அவர்களுக்கு விடையளிப்பதுடன், அவர்களின் வினாக்களையும் கேட்டறியும் அரங்கே நமக்கு வேண்டியது.