செஞ்சிக்கு எத்தனை எழுத்து?

எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, "செஞ்சின்னா எத்தனை எழுத்து?" என்று கேட்டுப் பாருங்கள். விரல் விட்டு எண்ணி "மூணு" என்று சொல்லும். செ, ஞ், சி. அவ்வளவுதான்.

இதே கேள்வியைப் பைத்தானிடம் கேட்டால் 6 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் 6 என்கிறது. யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால் 18. ஸ்விஃப்ட் ஒன்றுதான் 3 என்று பிள்ளை மாதிரி பதில் சொல்கிறது. பைத்தானிடமே, "எழுத்தா இருக்கறத மட்டும் பொறுக்கி எடு" என்று எல்லோரும் போடுகிற வழக்கமான ரெகெக்ஸைக் கொடுத்தால், ச, ஞ, ச என்று மூன்று துண்டைக் கையில் கொடுக்கிறது. கொம்பு, புள்ளி, கொக்கி எல்லாம் உதிர்ந்துவிட்டன. அதன் கணக்கில் அவை எழுத்தே இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. வெள்ளைக்காரன் எழுதிவிட்டுப் போன 'ஜிஞ்ஜி' என்ற ஆங்கிலப் பெயருக்கும் 6 எழுத்து. அதனால் இரண்டையும் போட்டு நீளம் சரிபார்க்கிற டெவலப்பர், "ரெண்டும் 6, சரியாத்தான் இருக்கு" என்று திருப்தியாக டீ குடிக்கப் போய்விடுவார். தப்பான விடை தற்செயலாகச் சரியான விடை மாதிரி தெரிவதைப் போல மோசமான பக் கிடையாது.

புதிர் போடுவதற்காக இதை எழுதவில்லை. இந்த எண்ணிக்கைக் குளறுபடியால் எங்கள் அப்பாவுக்கு நெல் விற்ற பணம் 11 நாள் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு முன்னெழுத்தின் கதை

அப்பா பெயர் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ரெண்டு பேருக்கு இருக்கிற பெயர். எங்கள் தெருவிலும் ரெண்டு பேர். ஊர்க்காரர்கள் முன்னெழுத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள். அப்பா 'கோ.', எதிர்வீட்டு மாமா 'க.'. போன அறுவடையில் ரெண்டு பேரும் ஒரே கொள்முதல்காரரிடம் நெல் போட்டார்கள். அவர்கள் புதிதாக ஒரு ஆப் வைத்திருந்தார்கள். தமிழில் வேறு இருந்தது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஒட்டப்பட்ட பட்டியலில் ரெண்டு பேருமே 'க.' என்று இருந்தார்கள். பெயர் ஒன்று, ஊர் ஒன்று, தெரு ஒன்று, இப்போது முன்னெழுத்தும் ஒன்று. கணக்குப் பார்த்தவர் ஒரே ஆளை ரெண்டு முறை ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டார். நிறுத்தியது அப்பாவுடையது. அப்பா மூன்று முறை நடந்தார். மாமாவுக்குச் சங்கடம், பணத்தைப் பாதியாகக் கொடுத்து வைக்கிறேன் என்றுகூடச் சொன்னார். கடைசியில் பட்டாவையும் ஆதாரையும் காட்டிச் சரி செய்தோம்.

எனக்கு அந்த ஆப்பின் கோடு தெரியாது. ஆனால் என்ன நடந்திருக்கும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. தகப்பன் பெயர் என்ற பெட்டியில் எங்கள் தாத்தா பெயர் முழுசாக இருக்கிறது. அதிலிருந்து "முதல் எழுத்தை எடு" என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். ஆங்கிலப் பெயருக்கு அது சரியாக வேலை செய்யும். 'கோ' என்பதோ கம்ப்யூட்டருக்கு இரண்டு துண்டு: 'க' ஒன்று, 'ோ' ஒன்று. முதல் துண்டை எடுத்தால் வெறும் 'க'. கோ, கு, கி, கா, கெ, கை எல்லோரும் ஒரே 'க' ஆகிவிடுவார்கள்.

இந்தக் கோடு நம் தலைவர்களை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். முத்துவேல் மகன் மு. கருணாநிதி, ம. கருணாநிதி ஆகிவிடுவார். கி. ராஜநாராயணன் க. ராஜநாராயணன் ஆவார். தி. ஜானகிராமன் த. ஜானகிராமன். சிரிக்கலாம். ஆனால் 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை போட்டது. நல்ல ஆணை. அது பள்ளி, அலுவலகம் என்று பரவப் பரவ, இந்த ஒரு வரிக் கோடு தொடப்போகும் பெயர்கள் எத்தனை என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

நான் விளக்கிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "நீயும் இதே வேலைதானேடா பாக்குற?"

அன்றைக்கு ராத்திரி என் பழைய கோடைத் தேடினேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் வேறொரு வேலைக்கு நான் எழுதியது. பயனர் பெயரின் முதல் எழுத்தை ஒரு வண்ண வட்டத்துக்குள் காட்ட வேண்டும். பூஜ்யமாவது இடத்தில் இருப்பதை எடு என்று எழுதியிருந்தேன். அச்சு அசல் அதே வரி.

யூனிகோடைத் திட்டுவது சுலபம்

இந்த மாதிரிப் பேச்சை எடுத்தால் உடனே ஒரு குரல் வரும்: "எல்லாம் யூனிகோடு பண்ணின வேலை. தமிழுக்கு வஞ்சகம் பண்ணிட்டாங்க." இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1991-இல் வந்த யூனிகோடு, இந்திய மொழிகளுக்கு அதற்கு முன்பே இருந்த இஸ்கி என்ற தரத்தின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே அச்சு. தமிழுக்கு 128 இடம் ஒதுக்கி, தமிழில் இல்லாத ஒலிகளுக்கான இடங்களைக் காலியாக விட்டார்கள். உயிர்மெய் எதற்கும் தனி இடம் இல்லை, மெய்க்கும் இல்லை. அகரமேறிய 'க'வை வைத்து, அதன்மேல் புள்ளியோ கொம்போ ஒட்டிக்கொள்ள வேண்டும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று பள்ளியில் படித்த நமக்கு இது தலைகீழாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் டேஸ்-16. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனித்தனி எண். அதில் செஞ்சிக்கு நீளம் 3. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து இதையும் தரமாக ஏற்றுக்கொண்டது. கணக்கு சுத்தம்தான். ஆனால் டேஸ்-16 உட்கார்ந்திருப்பது யூனிகோடில் 'யார் வேண்டுமானாலும் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று விடப்பட்ட பகுதியில். அதற்கான எழுத்துரு இல்லாத போனில் வெறும் கட்டம்தான் தெரியும். அதற்கு முன்னால் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு, ஒருத்தர் அனுப்பியதை இன்னொருத்தர் படிக்க முடியாமல் தவித்த காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அங்கே திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அப்பாவின் முன்னெழுத்தை வெட்டியது யூனிகோடு அல்ல. ஒரு குறியீட்டுப் புள்ளி வேறு, ஓர் எழுத்து வேறு என்று யூனிகோடே எழுதி வைத்திருக்கிறது. கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் குழுவை எப்படிப் பிரிப்பது என்று தனி விதியே உண்டு. கிராஃபீம் கிளஸ்டர் என்று பெயர். ஸ்விஃப்ட் 3 என்று சொன்னது அந்த விதியைப் பின்பற்றியதால்தான். விதி முழுக்கச் சரி என்றும் இல்லை. 'க்ஷ'வை இரண்டாகத்தான் எண்ணும். ஆனால் 'கோ'வை 'க' ஆக்காது. நாம் அந்த விதியைப் படிக்கவில்லை. அதுதான் நடந்தது.

எமோஜிக்குக் கிடைத்த மரியாதை

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருகிற இடம் இதுதான். அப்பா, அம்மா, பெண் குழந்தை சேர்ந்து நிற்கும் குடும்ப எமோஜி இருக்கிறதே, அதுவும் ஒற்றை எழுத்து இல்லை. மூன்று ஆட்களும் இடையில் இரண்டு ஒட்டுக் குறிகளுமாக 5 குறியீட்டுப் புள்ளிகள். ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளத்தை 8 என்கிறது. அதை நடுவில் வெட்டினால் குடும்பம் பிரிந்துவிடும்.

நான் வேலை பார்த்த இடங்களில் எமோஜி உடைந்தபோது அவசர பக் என்று எழுதி, அந்த வாரமே சரி செய்தோம். டேட்டாபேஸையே மாற்றினோம். தமிழ் உடைந்தபோது, "லோக்கலைசேஷன் இஷ்யூ, அப்புறம் பாக்கலாம்." இரண்டும் ஒரே நோய், ஒரே மருந்து. ஆனால் எமோஜி உடைந்தால் மேனேஜர் போனிலும் உடையும். 'கோ' உடைந்தால் செஞ்சியில்தான் உடையும்.

"தமிழில் யாரு டைப் பண்றாங்க?" என்று கேட்பவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள் என்று நினைக்காதீர்கள். பாதிப் பேர் தமிழர்கள்தான். டெஸ்ட் டேட்டாவில் அமெரிக்கப் பெயர்களாகப் போட்டு நிரப்பி, எல்லாம் பச்சை என்று அனுப்புவதும் நாம்தான். மெனுவையும் பட்டன்களையும் மொழிபெயர்த்துவிட்டு 'தமிழ் வசதி உண்டு' என்று பலகை மாட்டுகிறோம். பட்டன் தமிழில் இருப்பதால் அப்பாவுக்குப் பெரிய லாபம் ஒன்றுமில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தாலும் அடையாளம் வைத்து அழுத்திவிடுவார். அவருக்கு வேண்டியது, அவர் பெயர் உள்ளே போனபடியே வெளியே வருவது.

ஆங்கிலத்தில் எழுதினாலும் தப்ப முடியாது

"அப்ப ஆங்கிலத்திலேயே பெயர் வாங்கிடுவோமே" என்றால், அங்கே வேறு வம்பு. குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்ட ஃபார்ம். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இருப்பது முன்னெழுத்து. ஓரிடத்தில் தகப்பன் பெயர், ஓரிடத்தில் ஒற்றைப் புள்ளி, ஓரிடத்தில் அதே பெயரை ரெண்டு முறை என்று சமாளிப்போம். பிறகு மூன்று ஆவணமும் ஒன்றோடொன்று ஒட்டாது.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அறிவித்தது. பிள்ளைகளைப் பார்க்கப் போகவிருந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். மனிதருக்கு இரண்டு பெயர் இருக்கும் என்பது ஒரு ஃபார்மின் நம்பிக்கை. நாள் ஆக ஆக அது நாட்டின் சட்டம் மாதிரி ஆகிவிடுகிறது.

நான் மாற்றிக்கொண்டவை

பிரசங்கம் போதும். அந்த ராத்திரிக்குப் பிறகு என் வேலையில் நான் செய்வது இவ்வளவுதான்.

டெஸ்ட் டேட்டாவில் எப்போதும் மூன்று சொற்கள்: செஞ்சி, கோ, ஸ்ரீ. இதில் 'ஸ்ரீ'யை ஸ-வை வைத்தும் எழுதலாம், 2005-இல் சேர்க்கப்பட்ட ஶ-வை வைத்தும் எழுதலாம். திரையில் பெரும்பாலும் ஒரே மாதிரி தெரியும், தேடினால் கிடைக்காது. இந்த மூன்றும் உள்ளே போய் முழுசாகத் திரும்பினால்தான் அடுத்த வேலை.

சேமிக்கும் முன் என்எஃப்சி. 'கோ'வில் உள்ள 'ோ' ஒரே குறியாகவும் வரலாம், 'ே', 'ா' என்று இரண்டாகவும் வரலாம். ஒரு நார்மலைஸ் வரி இதைத் தீர்த்துவிடும். ஶ்ரீயை இது தீர்க்காது. அதற்குத் தனியாக ஒரு வரி.

எழுத்தை எண்ணவோ வெட்டவோ வேண்டுமென்றால் கிராஃபீம். ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர் இப்போது முக்கியமான பிரௌசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பைத்தானுக்கு ஓபன்-தமிழ் நூலகம் இருக்கிறது.

இடம் ஒதுக்கும்போது தாராளம். ஆரக்கிளில் 20 என்று அளவு போட்டால் வழக்கமான அமைப்பில் அது 20 பைட். செஞ்சி என்று எழுதியதுமே 18 போய்விட்டது. எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம் என்றால் தமிழுக்கு 70; அதிலும் செஞ்சி 6 இடத்தைப் பிடிக்கும்.

பெயருக்கு ஒரே பெட்டி. முன்னெழுத்தைக் கோடு கண்டுபிடிக்காது. ஆளைக் கேட்டு வாங்கும். அது அவருடைய பெயர், அவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் செய்ய எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. கொள்முதல்காரருக்கும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த அறுவடைக்குப் பட்டியல் ஒட்டும்போது போய்ப் பார்க்க வேண்டும். அதுவரை எதிர்வீட்டு மாமா அப்பாவை "வாய்யா, இன்னொரு க." என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.