கூத்துச் செலவு யாருடையது?

கூத்துக்கு எந்த ஊரிலும் சீட்டு கிடையாது. செய்யாறு, வந்தவாசி பக்கத்துக் கிராமங்களானாலும் சரி, கடல் தாண்டி மட்டக்களப்பு வாவியை ஒட்டிய ஊர்களானாலும் சரி, ஒரு பாயும் போர்வையும் கையில் இருந்தால் போதும், விடிய விடியப் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் பாரதக் கதைக்குத்தான் முதல் மரியாதை. ஆனால் அந்த ஓர் இரவுக்கான பணத்தையும் உழைப்பையும் யார் போடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், ஒரே பெயரில் இரண்டு வேறு ஏற்பாடுகள் இருப்பது தெரியும்.

வடதமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில்தான் கூத்தின் தாய்வீடு. திருவிழா என்று முடிவானதும் ஊர் கூடித் தலைக்கட்டு வரி போடும். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, கூத்து வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து நாள் குறிப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். இரவில் கூத்துக்குழுவான ஜமா அந்தக் கதையை ஆடும். ஜமாக்காரர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள், கூத்தையே தொழிலாகக் கொண்டவர்கள். திருவிழாக் காலம் முழுக்க இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று பெட்டியும் மர அணிகலன்களான கட்டைகளுமாக அலைகிறவர்கள். புரிசைக் கிராமத்தில் கண்ணப்பத் தம்பிரானின் குடும்பம் தலைமுறைகளாகக் கூத்தைத் தாங்கி வந்தது இப்படித்தான்.

ஆக, பார்ப்பவருக்கு இலவசம், ஊருக்குச் செலவு, ஆடுகிறவருக்குக் கூலி. கூலி வாங்குவதில் எந்த இழுக்கும் இல்லை. இரவெல்லாம் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் சுமந்து, ஒலிபெருக்கிக்கு முந்தைய காலத்துக் குரலில் பாடி ஆடும் உடம்புக்கு அது நியாயமான ஊதியம்.

ஊரார் வெறும் பார்வையாளர்களாக நின்றுவிடுவதும் இல்லை. அர்ச்சுனன் தபசு அன்று உயரமான மரத்தை நட்டு, அதில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். கீழே ஊரே அண்ணாந்து நிற்கும். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் பூவும் வீசும்போது, பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். கூலிக்கு வந்த கலைஞர் என்று அந்த நேரத்தில் ஒருவரும் அவரை நினைப்பதில்லை.

மட்டக்களப்பில் விஷயம் வேறு. அங்கே ஊர் கூத்தை வரவழைப்பதில்லை. தானே பழகி ஆடுகிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, இரண்டு ஆட்டப் பாணிகளில் வடமோடியா தென்மோடியா, எந்தக் கதை என்று தீர்மானித்து, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரை அழைக்கிறார்கள். யாருக்கு எந்த வேடம் பொருந்தும் என்று குரலையும் உடல்வாகையும் பார்த்து அவர் தேர்ந்தெடுப்பார். பிறகு அவரவர் பாட்டையும் வசனத்தையும் எழுதி, வெற்றிலை பாக்குடன் கையில் கொடுக்கிறார்கள். இதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். வாங்கியவர் வயல்காரராக இருக்கலாம், மீன் பிடிக்கிறவராக இருக்கலாம். பகல் வேலை முடிந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆடுகளமான களரிக்கு வந்து மாதக்கணக்கில் பழகுவார்கள். ஆட்டம் காலில் படிந்த பிறகே சதங்கை அணிதல். அதன் பின் முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். அது முடிந்தும் வீட்டுக்கு வீடு போய் ஆடும் வழக்கமும் இருந்தது.

அங்கே ஆடுகிறவர் கூலி வாங்குவதில்லை, கையிலிருந்து போடுகிறார். உடுப்புக்கும் அண்ணாவியாருக்குமான செலவை ஆட்டக்காரரின் குடும்பமே பெரும்பாலும் ஏற்கிறது. அரங்கேற்ற இரவில் மாமனும் மச்சானும் சால்வை போர்த்துவதும் காசு கொடுப்பதும் அதனால்தான். தருமராக வருகிறவர் நேற்று நம் வேலியைத் திருத்திக் கொடுத்தவர் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். அவர் தாளம் தப்பினால், மாதக்கணக்கில் பழக்கத்தைக் கேட்டுக் கேட்டுப் பாட்டு மனப்பாடமான சிறுவனுக்கும் அது தெரிந்துவிடும்.

ஆடுகளமே இந்த வேறுபாட்டைச் சொல்கிறது. வடதமிழகத் தெருக்கூத்தில் பின்னணிக்காரர்கள் ஆர்மோனியம், முகவீணை, மிருதங்கத்துடன் ஒரு பக்கம் அமர்வார்கள். எதிரே இரண்டு பேர் துணித்திரையைப் பிடிக்க, அதன் பின்னாலிருந்து வேடம் பாடிக்கொண்டு வெளிவரும். ஒரு பக்கம் கலைஞர், மற்றப் பக்கங்களில் ஊர். மட்டக்களப்பின் களரி வட்டமானது. நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரர்களும் நிற்க, கூத்தர்கள் அவர்களைச் சுற்றி ஆட, நான்கு புறமும் ஊர் சூழ்ந்திருக்கும்.

இரண்டு ஏற்பாடுகளுக்கும் அடி விழுந்தது, வெவ்வேறு பக்கங்களிலிருந்து. இலங்கையில் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர், இராவணேசன் ஆகிய கூத்துகளை மேடையேற்றி, படித்தவர்கள் கூத்தை மதிக்க வழிசெய்தார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் மத்தளம் பல்கலைக்கழகம் வரை போனது. அவற்றில் மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபு நாடகங்களின் பெரிய ஆய்வாளரானார். ஆனால் உள்நாட்டுப் போர்க்காலத்தில் இருட்டியபின் வீட்டை விட்டு வெளியே வருவதே ஆபத்தானது. இரவில் கூடிப் பழகும் கலைக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. தமிழகத்தில் போர் இல்லை. ஆனால் பாட்டுக்கச்சேரியும் சினிமா ஆட்டமும் வந்து தலைக்கட்டு வரியைப் பங்கு கேட்டன. எழுத்தாளர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் காஞ்சிபுரத்தில் 1990இல் அமைந்த, கூத்துக் கலைஞர்களின் கட்டைக்கூத்துச் சங்கமும் கலைஞருக்குப் புதிய மதிப்பைத் தேடித்தந்தன. சங்கத்தின் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். ஆண்களே பெண் வேடமும் போட்டு வந்த கலையில் இது சிறிய காரியமல்ல.

எது மேல் என்று என்னைக் கேட்டால், ஊரைக் கலைஞராக்கும் விஷயத்தில் மட்டக்களப்பு முறையே மேல் என்பேன். ஓர் அரங்கேற்றம் முடிகிறபோது பாட்டும் ஆட்டமும் தெரிந்த சில இளைஞர்களாவது ஊரில் மிஞ்சுகிறார்கள். வடதமிழகத்தில் ஜமா வண்டி ஏறியதும் கலையும் கூடவே ஏறிப் போய்விடுகிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க ஆடித் தேர்ந்த தொழில்முறைக் கலைஞரின் குரலும் அடவும் ஒரு பருவம் மட்டும் பழகியவருக்குக் கைவராது. அந்தத் தேர்ச்சிக்கு ஊர் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

பல்கலைக்கழக மேடைக்காக ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிய கூத்து நல்லதுதான். ஆனால் அது களரிக்கு மாற்றாகிவிடக் கூடாது. மட்டக்களப்பில் ஊரார் இரவில் கூடிப் பழகும் அந்த மாதங்களைக் குறைக்காதீர்கள். இங்கே வடதமிழகத்தில் வரி போடும் ஊர்க்கூட்டத்தில், மின்விளக்கு அலங்காரத்துக்கு ஒதுக்குவதைவிடக் குறைவாக ஜமாவுக்கு ஒதுக்கினால், எழுந்து நின்று கேளுங்கள்.